மாத்திரை கரைப்பதில்லை என்றால், காலில் இருந்த உறைகட்டியை யார் அகற்றுகிறார்?

கேள்வி | 2024 ஜனவரி 11, காலை

என் தாயாருக்கு வயது 61. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு இடது தொடையின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, கால் முழுவதும் வீங்கிவிட்டது. மூன்று மாதங்களாக ரிவராக்சபான் மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இந்த வாரம் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் "பழைய உறைகட்டி எஞ்சியுள்ளது, சிரை பகுதியளவே திறந்துள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். கரைப்பதற்காகத் தந்த மருந்து மூன்று மாதத்தில் கரைக்கவில்லை என்றால், அது வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்? இதைவிட வலுவான மருந்துக்கு மாற்றச் சொல்லலாமா?

குறிப்பு | ஜனவரி 11, இரவு

அந்த மாத்திரை கரைப்பதற்காகத் தரப்பட்டதே அல்ல. ரிவராக்சபான், வார்ஃபரின், இங்கே பலர் சாப்பிடும் அசிட்ரோம், வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் ஊசி ஆகிய எதுவும் ஏற்கெனவே உறைந்துவிட்ட ரத்தத்தில் ஓர் இழையைக்கூட அறுப்பதில்லை. உறைகட்டியின் மேல், அதைக் கட்டும் வலையான ஃபைப்ரின் இழைகள் புதிதாகப் படிவதை அவை தடுக்கின்றன; கட்டி வளராமல் நிற்கும் அந்த அவகாசத்தில் அதை அகற்றும் வேலையை உடல் தானே செய்துகொள்கிறது.

அப்படியானால் மருந்து எதற்கு என்று கேட்கத் தோன்றும். 1960இல் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நடத்திய சிறிய ஆய்வே அதற்குப் பதில். நுரையீரலுக்கு உறைகட்டி போய்விட்டவர்களில் மருந்து தரப்படாத 19 பேரில் 5 பேர் மீண்டும் உறைகட்டி பாய்ந்து இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அந்தக் காரணத்தால் ஒருவரும் இறக்கவில்லை. அந்த மருந்துகளும் எதையும் கரைக்கவில்லை. அடுத்த கட்டி உருவாகாமல் பார்த்துக்கொண்டன, அவ்வளவுதான். அதுவே உயிரைக் காத்தது.

நான் மருத்துவர் அல்லன். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுச் சீவல்களுக்குச் சாயமேற்றுவது நெடுங்காலம் என் தொழில். பிற்பாடு கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது இதே நோய் எனக்கும் வந்தது. மருந்தை மாற்றுவதா, தொடர்வதா, நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவரிடமே பேசுங்கள். ஸ்கேன் அறிக்கையை மட்டும் பார்த்து நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

குறிப்பு | ஜனவரி 12

"உடல் தானே செய்துகொள்கிறது என்றால் எப்படி?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற கரையும் புரதம், திராம்பின் என்ற நொதியின் வெட்டுக்கு உள்ளாகி, ஃபைப்ரின் என்ற கரையாத இழையாகிறது. இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது பதின்மூன்றாம் காரணி என்ற இன்னொரு ரத்தப் புரதம். இந்த வலைக்குள் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் சிக்கியிருப்பதே சிரை உறைகட்டி.

வலையை அறுக்கும் கத்தியின் பெயர் பிளாஸ்மின். அது எந்நேரமும் திறந்த கத்தியாக ரத்தத்தில் சுற்றினால் நாம் பிழைத்திருக்க மாட்டோம். ஆகவே கல்லீரல் அதைச் செயலற்ற வடிவில், பிளாஸ்மினோஜனாக, உற்பத்தி செய்து அனுப்புகிறது. அதை உசுப்பிவிடும் டி.பி.ஏ. என்ற நொதியை ரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்கள் சுரக்கின்றன. இந்த அமைப்பின் அழகு எங்கே இருக்கிறது என்றால், டி.பி.ஏ. வெறும் ரத்தத்தில் மிக மந்தமாக இருக்கிறது. ஃபைப்ரின்மேல் ஒட்டிக்கொண்ட பிறகோ அதன் வேகம் பல நூறு மடங்கு கூடுகிறது. பிளாஸ்மினோஜனும் அதே இழையில் வந்து ஒட்டுவதால், எது அறுபட வேண்டுமோ அந்த இடத்திலேயே கத்தி திறக்கிறது. இழையை விட்டு விலகி ரத்தத்தில் தப்பிவிடும் பிளாஸ்மினை ஆல்ஃபா-2 ஆன்டிபிளாஸ்மின் ஒரு நொடிக்குள் பிடித்து முடக்கிவிடுகிறது. இழையோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்மினை அதனால் எளிதில் நெருங்க முடிவதில்லை. டி.பி.ஏ.வுக்கும் தனியாக ஒரு தடை உண்டு, பி.ஏ.ஐ.-1. கொழுப்புத் திசு அதைச் சுரப்பதால் உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் அது கூடுதலாக இருக்கிறது. அன்றாடம் காலை வேளையில் அதன் அளவு ஏறுகிறது. மாரடைப்பு காலையில் அதிகமாக வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

குறிப்பு | ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

இடது கால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். அடிவயிற்றில் வலப்பக்கத்து இலியாக் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் குறுக்கே சென்று அதை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. 1957இல் மேய், தர்னர் என்ற இருவர் இதை விரிவாக எழுதினார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வந்தால் பெரும்பாலும் இடது காலிலேயே வருவதற்கும் இதுவே காரணம்.

குறிப்பு | ஜனவரி 13

என் முதல் குறிப்பை ஒருவர் நறுக்கென்று மறுத்திருக்கிறார். மருந்துக்கும் கரைதலுக்கும் தொடர்பே இல்லை என்பது போல எழுதியது சரியில்லை என்கிறார். மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. திராம்பின், உறையச் செய்வதோடு நிற்காமல், டாஃபி என்ற இன்னொரு நொதியையும் எழுப்பிவிடுகிறது. பிளாஸ்மினோஜன் வந்து ஒட்டும் லைசின் முனைகளை அந்த நொதி இழையிலிருந்து கத்தரித்து எறிகிறது. திராம்பினைக் குறைக்கும் மருந்து இந்தக் கத்தரிப்பையும் குறைப்பதால், உடலின் கரைப்பு வேலை ஓரளவு எளிதாகிறது. ஆனாலும் வேலையைச் செய்வது உடல்தான். மருந்து முட்டுக்கட்டையை நகர்த்துகிறது.

குறிப்பு | ஜனவரி 13

இடையில் ஒரு பழைய சங்கதி. திடீரென இறந்தவர்களின் ரத்தம் முதலில் உறைந்து, பிறகு தானாகவே நீர்த்துவிடுவது உண்டு. சாகும் வேளையின் அதிர்ச்சியில் குழாயின் உட்சுவர் தன்னிடமுள்ள டி.பி.ஏ.வை மொத்தமாகக் கொட்டிவிடுவதே காரணம் என்று இன்று விளக்குகிறார்கள். 1930இல் மாஸ்கோவின் ஸ்க்ளிஃபோசோவ்ஸ்கி நிறுவனத்தில் செர்கேய் யூதின் என்ற அறுவை மருத்துவர், பிணத்திலிருந்து எடுத்த ரத்தத்தை உயிருள்ள நோயாளிக்கு ஏற்றினார். அவ்வாறு நீர்த்த ரத்தம் மறுபடி உறையாததால், உறையாமல் காக்கும் சிட்ரேட்கூட அதற்குத் தேவைப்படவில்லை. உடலுக்குள் எவ்வளவு கரைப்பு வல்லமை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துணிச்சலான சான்று வேண்டியதில்லை. மீண்டும் செய்து பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வர வேண்டாம்.

குறிப்பு | ஜனவரி 15

யூதினைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தபோதே ஒரு நெருடல் இருந்தது. உடலின் கரைப்பு வல்லமை அவ்வளவு பெரிது என்றால், உங்கள் தாயாரின் தொடையில் மூன்று மாதம் கழித்தும் கட்டி ஏன் எஞ்சியிருக்கிறது? இதுவரை நான் விவரித்த பிளாஸ்மின் கதை, புதிதாக உறைந்த, சுற்றிலும் ரத்தம் பாயும் கட்டிக்குப் பொருந்தும். நுரையீரலில் வந்து தங்கும் புதிய கட்டிகள் பலவும் அந்த வழியில் சில நாள், சில வாரங்களில் மறைகின்றன. சிரையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கிடக்கும் கட்டியின் கதை வேறு.

அதற்கு இரண்டு சான்றுகள் சொல்லலாம். பிறவியிலேயே பிளாஸ்மினோஜன் மிகக் குறைவாக உள்ளவர்கள் உலகில் அரிதாக இருக்கிறார்கள். அவர்களுக்கு உடலெங்கும் சிரை அடைத்துக்கொள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடப்பதில்லை. அவர்களுடைய கண்ணிமையின் உட்புறத்திலும் ஈறுகளிலும் ஃபைப்ரின் படிந்து மரக்கட்டையாக இறுகிப்போகிறது. சிரைகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. இன்னொன்று, 2003இல் வெளியான ஓர் எலி ஆய்வு. டி.பி.ஏ. மரபணு நீக்கப்பட்ட எலிகளில் சிரைக்கட்டி வழக்கம்போல அகன்றது. டி.பி.ஏ. போலவே பிளாஸ்மினோஜனை உசுப்பிவிடும் யூரோகைனேஸ் என்ற நொதியின் மரபணு நீக்கப்பட்டவற்றில் அகலவில்லை. கட்டிக்குள் யூரோகைனேஸைச் சுமந்து செல்பவை வெள்ளணுக்கள், குறிப்பாக மோனோசைட்டுகள். ஆக, சிரையில் முக்கியமானது ரத்தத்தில் மிதக்கும் நொதி மட்டுமல்ல; உள்ளே நுழைந்து தோண்டும் அணுக்கள்.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அடைபட்ட சிரையைக் குறுக்காகச் சீவி ஸ்லைடில் ஏற்றினால், முதல் சில நாள் வயதுள்ள கட்டியில் வெளிறிய பட்டையும் சிவந்த பட்டையும் மாறிமாறிக் கிடக்கும். வெளிறியவை ஃபைப்ரினும் தட்டணுவும், சிவந்தவை சிக்கிய சிவப்பணு. சுவரை ஒட்டிய ஓரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிந்திருக்கும். சில வாரம் கழிந்த கட்டியில் பட்டைகள் மங்கி, மோனோசைட்டுகளும் அவற்றிலிருந்து முதிர்ந்த பெருவிழுங்கணுக்களும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி முன்னேறியிருக்கும். அவற்றின் பின்னாலேயே நார் அணுக்கள் நுழைந்து கொல்லாஜன் என்ற தழும்பு நாரை இழைக்கும். பெர்ல்ஸ் சாயம் இட்ட ஸ்லைடு இன்னும் தெளிவு. விழுங்கப்பட்ட சிவப்பணுக்களின் இரும்பு, பெருவிழுங்கணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலமாகத் தெரியும். மாதங்கள் கடந்த கட்டியிலோ, நாருக்கு நடுவே மெல்லிய உட்சுவர் அணுக்கள் வரிசைகட்டிய சிறு சிறு துவாரங்கள் தென்படும். சிலவற்றில் புதிய ரத்தம் நின்றிருக்கும். கட்டி சுருங்கிச் சுவரை விட்டு விலகிய இடுக்குகளிலும் அதே அணுக்கள் படர்ந்து பாதை அமைத்திருக்கும். எல்லாச் சிரையிலும் இந்த வரிசை இவ்வளவு ஒழுங்காக வராது; ஒரே சீவலில் மூன்று வயதும் கலந்து கிடந்த ஸ்லைடுகளையே அதிகம் பார்த்திருக்கிறேன், ஏனெனில் பழைய கட்டியின் நுனியில் புதியது சேர்ந்துகொண்டே போகும்.

சுருங்கச் சொன்னால், சிரைக்கட்டி கரைவதைவிட ஆறுகிறது என்று சொல்வதே பொருத்தம். காயம் ஆறும் அதே அணுக்கள், அதே வரிசை, கடைசியில் அதே தழும்பு. உங்கள் அறிக்கையில் உள்ள "பகுதியளவே திறந்துள்ளது" என்பது அந்த ஆறுதலின் நடுக்கட்டம். ஆறு மாத முடிவில்கூட ஏறத்தாழப் பாதிப் பேரின் சிரையில் எச்சம் தெரியும்.

குறிப்பு | ஜனவரி 16

"மாரடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறார்களே, அதைக் காலுக்கும் போட்டுத் தொலைத்தால் என்ன?" என்ற கேள்விக்கு.

போடலாம், சிலருக்குப் போடுகிறார்கள். கரைக்கும் ஊசி மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸின் குணத்தை டில்லெட், கார்னர் என்ற இருவர் 1933இல் பால்டிமோரில் அறிவித்தார்கள். அதே 1933இன் குளிர்காலத்தில்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், கெட்டுப்போன தீவனம் தின்று ரத்தம் கசிந்து மாடுகள் இறப்பதால், உறையாத மாட்டு ரத்தம் நிறைந்த பால் கேனைத் தூக்கிக்கொண்டு பனிப்புயலில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கேனிலிருந்து தொடங்கிய தேடலில்தான் பின்னாளில் வார்ஃபரின் கிடைத்தது. முதலில் எலி மருந்தாகவும், பிறகு மனிதருக்கும். கரைக்கும் மருந்தும் தடுக்கும் மருந்தும் ஒரே ஆண்டில் தலைகாட்டியிருக்கின்றன. கால் சிரையைப் பொறுத்தவரை தடுக்கும் மருந்தே வென்றது.

காரணம் எளிது. கரைக்கும் மருந்து எது தேவையான கட்டி, எது தேவையற்ற கட்டி என்று பார்க்காது. தலைக்குள் எங்கோ ஒரு நுண்குழாயை அடைத்துக் காத்துக்கொண்டிருக்கும் சிறு கட்டியையும் அது கரைத்துவிடும். வடிகுழாயைச் சிரைக்குள்ளேயே செலுத்தி, கட்டிக்குள் நேராக மருந்தைப் பாய்ச்சினால் ஆபத்து குறையும், பிற்காலத் தொல்லையும் குறையும் என்று நம்பி அமெரிக்காவில் 692 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள்; 2017இல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில், கால் வீக்கமும் வலியுமாகத் தொடரும் பின்விளைவு வடிகுழாய் சிகிச்சை பெற்றவர்களில் 47 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காடு. முதல் பத்து நாளில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக ஏறியது. கால் நீலம் பாரித்து அழுகும் நிலை, அடிவயிறு வரை அடைத்த இளவயதினர் என்று சிலருக்கு இன்றும் அந்த வழி பயன்படுகிறது. மூன்று மாதம் கடந்த கட்டிக்கு அது உதவாது. அதற்குள் அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபைப்ரின் அல்ல, கொல்லாஜன். ஃபைப்ரினை அறுக்கும் கத்தி கொல்லாஜனைத் தொடாது. முதல் நாள் நீங்கள் கேட்ட "வலுவான மருந்து" என்பதற்கும் இதுவே என் பதில்.

குறிப்பு | ஜனவரி 20

இந்த ஆறுதலை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனையில் டிரிப் ஏற்றிய ஊசி சில நாள் இருந்துவிட்டால், முன்கையின் மேற்சிரை அடைத்துக்கொள்வது சாதாரணம். எனக்கும் மாவுக்கட்டுக் காலத்தில் அப்படி ஆயிற்று. முதலில் அந்த வரி முழுவதும் சிவந்து, சுட்டு, சட்டைக்கை பட்டாலே வலித்தது. பிறகு சிவப்பு போய், தோலுக்கடியில் கயிறு போல ஒன்று உருண்டது. வலி அடங்கியும் வெகுகாலம் அது அங்கேயே இருந்தது. தோலின்மேல் ஒரு பழுப்பு வரி படர்ந்தது. அதை உருட்டிப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட, வீட்டில் திட்டு வாங்கினேன். பின்னர் ஒரு முனையிலிருந்து மெலிந்துகொண்டே வந்து, எப்போது மறைந்தது என்று தெரியாமல் மறைந்தது. அந்தப் பழுப்பு, ஸ்லைடில் நான் நீலமாகப் பார்த்த அதே இரும்பு.

மேற்சிரையில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ரத்தம் வேறு வழியாகப் போய்விடும். ஆழ்சிரையில் நடப்பதும் இதே வேலைதான், விரலுக்கு எட்டாத ஆழத்தில்.

குறிப்பு | ஜனவரி 21

பூண்டு, இஞ்சி, மஞ்சள், நாட்டோ (ஜப்பானியப் புளித்த சோயா) மாத்திரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நாட்டோவிலுள்ள நொதியான நாட்டோகைனேஸ் சோதனைக் குழாயில் ஃபைப்ரினை அறுக்கும் என்பது உண்மை. மனிதரின் கால் சிரையை அது திறந்தது என்பதற்குத் தக்க ஆய்வு இல்லை. பூண்டு ரசம் நல்ல உணவு, அதை உணவாகவே விட்டுவிடுவோம். செறிவூட்டிய மாத்திரையாக விழுங்கினால், உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்து கசிவைக் கூட்டக்கூடும். முருங்கைக்கீரையைத் தொடக்கூடாது என்ற பத்தியம் வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுவோர் வைட்டமின் கே அளவை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும் என்பதிலிருந்து திரிந்து வந்தது. ரிவராக்சபானுக்கு அது பொருந்தாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திடீரென வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவது நம் வீடுகளில் வழக்கம். சுவரோடு இன்னும் ஒட்டாத புதிய கட்டி அதில் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் முதலில் டாப்ளர், பிறகுதான் எண்ணெய். மருந்து தொடங்கியபின் எழுந்து நடப்பது வேறு. அதனால் ஆபத்து கூடுவதில்லை, படுக்க வைப்பதே தேவையற்றது.

குறிப்பு | ஜனவரி 28

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டவருக்கு: பதின்மூன்றாம் காரணி பிணைத்த இழையைப் பிளாஸ்மின் வெட்டும்போது, பிணைப்பு மட்டும் அறுபடாமல் இரட்டைத் துண்டாக வெளியேறுவதே டி-டைமர். ஆகவே அது உறைவுக்கும் கரைப்புக்கும் ஒருசேரச் சாட்சி. அளவு குறைவாக இருந்தால், சந்தேகம் பெரிதாக இல்லாதவரிடம் புதிய கட்டி இல்லை என்று நம்பலாம். கூடியிருந்தால் ஒன்றும் உறுதியாகாது. கர்ப்பம், அறுவை, நோய்த்தொற்று, புற்றுநோய், முதுமை எல்லாமே அதை ஏற்றும். பொதுவான வரம்பு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 50 வயதைக் கடந்தோருக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாகக் கொள்வது இப்போது ஏற்கப்பட்ட முறை. உங்கள் தாயாருக்கு அது 610.

குறிப்பு | பிப்ரவரி 4

ஆறிய பிறகு என்ன மிஞ்சும் என்பதை எழுதாமல் விட்டிருந்தேன். சிரையின் வால்வுகள் தசையின் அழுத்தத்தில் மேலேறிய ரத்தம் கீழே திரும்பாமல் காப்பவை. உறைவு பெரும்பாலும் ஆக்சிஜன் குன்றிய அந்த வால்வுப் பைகளில்தான் தொடங்குகிறது. நார் படிந்து சுருங்குவதும் அங்கேயே. விரைவாகத் திறந்த பகுதியில் வால்வு பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், தாமதமாகத் திறந்த பகுதியில் பாதை இருந்தும் கதவு இருக்காது. மாலையில் காலில் கனம், கணுக்காலில் கருமை, முற்றினால் ஆறாத புண். எனக்குக் கருமை வரை வந்து நின்றுவிட்டது. அழுத்தக் காலுறை இதைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கையை 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அசைத்துவிட்டது. ஆனால் போட்டால் வீக்கம் குறைந்து சுகமாக இருக்கிறது என்பதால் நான் போடுகிறேன்.

நுரையீரலிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே போன கட்டி பெரும்பாலோருக்கு அகன்றுவிடும். சில விழுக்காட்டினருக்கு நாராகித் தமனிச் சுவரோடு ஒன்றிப்போய், இதயத்தின் வலப்பக்கத்தைத் திணற அடிக்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். அந்த நாரை உரித்தெடுக்கும் அறுவை உண்டு. ஆகவே காலில் எச்சம் இருப்பதைவிட, மூன்று மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

குறிப்பு | பிப்ரவரி 22

மூச்சு வாங்கவில்லை, மருத்துவர் மாத்திரையை நிறுத்த எண்ணுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவையால் வந்த கட்டி என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

கையில் உள்ள டாப்ளர் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பின்னொரு நாள் அதே கால் வீங்கினால், தெரிவது பழைய தழும்பா புதிய கட்டியா என்று பிரித்தறிய அது ஒன்றே ஆதாரம். ஸ்கேன் செய்பவரிடம், தொடையிலும் முழங்கால் பின்புறத்திலும் சிரையை அழுத்தியபோது எஞ்சிய விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேனில் அந்த எண் 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் புதிய உறைவு என்று கொள்கிறார்கள். 2க்குக் குறைவான மாற்றம் என்றால் பழையதே. இடைப்பட்டது என்றால் சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள்.